கொடியில் காய்ந்த ஃபிலிம்

போன் செய்த பெண் தன் பெயரைச் சொல்லவில்லை. விலாசம் சொன்னாள். "அந்த வீட்டுல ஒரு பொண்ணைத் திருடிங்கறாங்க. வந்து பாத்ரூமைப் பாருங்க" என்றாள். அதோடு வைத்துவிட்டாள்.

"பாத்ரூமைப் பார்க்கணுமாம், மேடம்," என்றேன். "நாம துப்பறியறவங்கதானே? போர்டுல பிளம்பர்னு ஏதாவது எழுதி வச்சிருக்கோமா?"

"பிளம்பருக்கு நம்மைவிட மரியாதை ஜாஸ்தி. கிளம்பு, பஞ்சர்," என்றார் மேடம்.

என்னைப் பஞ்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். யாராவது கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து காற்றைப் பிடுங்கிவிடுகிறேனாம். சுத்த அபாண்டம். மேடத்துக்கு ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த கைப்பை. அதற்குள் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. பெரும்பாலும் மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் அதை எடுப்பார்.

அது ஒரு கான்ட்ராக்டரின் வீடு. ஊரில் பாதிக் கட்டடம் அவர் கட்டியது. உறுதியாகக் கட்டியது இந்த வீட்டை மட்டும். கதவைத் திறந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களை யார் கூப்பிட்டது?"

"ஒரு பொம்பளைக் குரல்," என்றார் மேடம்.

கான்ட்ராக்டர் திரும்பி ஹாலைப் பார்த்தார். அங்கே மூன்று பெண்கள். சோபாவில் அவர் மனைவி, பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகள், சுவரோரமாக நின்றபடி மருமகள். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"சரி, வந்தது வந்துட்டீங்க," என்றார். "இவ வாயில இருந்து உண்மையைப் பிடுங்கிக் கொடுத்துட்டுப் போங்க. இருட்டறதுக்குள்ள மோதிரம் வரணும். இல்லேன்னா போலீசுக்குப் போன் பண்ணிடுவேன். வந்து மூணு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள கைவரிசையைக் காட்டிட்டா."

'இவ' என்று அவர் கை காட்டியது மருமகளை. அவள் காலடியில் அவளுடைய பெட்டி குடலைக் காட்டிக்கொண்டு திறந்து கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தலையணை, நடுவே கிழிபட்டு. ஹால் முழுக்கப் பஞ்சு பறந்தது.

"தலையணையை யார் கிழிச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார் கான்ட்ராக்டர் பெருமையாக. "உள்ள வச்சுத் தைச்சிருப்பாளோன்னு பார்த்தேன்."

அவளைக் கட்டினவன், அதாவது கான்ட்ராக்டரின் மகன், ஜன்னல் பக்கம் நின்று கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான். அந்த ஜன்னலில் கம்பி கொஞ்சம்தான். ஆனாலும் எண்ணி முடித்தபாடில்லை.

கதையைக் கான்ட்ராக்டரின் மனைவி சொன்னாள். முந்தின நாள் அவளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டிக் கையெல்லாம் க்ரீம். வைர மோதிரத்தைக் கழற்றி உள் அறை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவினாள். அதற்குள் மாப்பிள்ளை சினிமாக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "குரூப் எடுக்கணும், எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டார். போய் நின்றாள். எடுத்து முடிந்ததும் மோதிரத்தை எடுக்க உள்ளே போனாள். மோதிரம் இல்லை.

"வெளியாளுங்க யாரும் வரல. எல்லாரும் வரிசையா நின்னு கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தோம். பக்கத்துல இருக்கறவங்களை யார் பார்த்தா? இவதான் கடைசியில, உள் அறைக் கதவை ஒட்டி நின்னா. நழுவிப் போய் எடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"நான் பாப்பாவை இடுப்புல வச்சிருந்தேன் அத்தை," என்றாள் மருமகள். அழுது முடித்த குரல்.

"அந்தக் குழந்தை வந்து சாட்சி சொல்லுமா?" என்றார் கான்ட்ராக்டர். "நான்தான் சொன்னேன், இதுல என்ன குழப்பம், எல்லாம் ஃபிலிம்ல இருக்கே, யார் நழுவினான்னு தெரிஞ்சிடும், உடனே கழுவுங்க மாப்பிள்ளைன்னு. மாப்பிள்ளை ஃபிலிம் விஷயத்துல ரொம்பக் கறார். நடுவுல ரீலைத் திருப்பப் போனப்ப கூட, 'யாரும் அசையாதீங்க, படம் தொடர்ச்சியா வரணும்'னுட்டார். எல்லாரும் பிடிச்சு வச்ச பிள்ளையாரா நின்னோம்."

மாப்பிள்ளை அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, துக்கம் கலையாத முகம். வீட்டில் எல்லாரும் ஒரு அங்குலம் நகர்ந்து அவருக்கு வழி விட்டார்கள். கான்ட்ராக்டர்கூட நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நான் கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயேதான் கழுவுவேன், மேடம். எந்த லேபையும் நம்பறதில்லை. எங்க போனாலும் மருந்து கூடவே வரும்," என்றார். "பாத்ரூமை இருட்டாக்கிக்கிட்டு முதல் மருந்துல அப்பத்தான் போட்டிருந்தேன். திடீர்னு லைட் எரியுது! சுவிட்ச் வெளியில இருக்கு. ஓடி வந்து பார்த்தா சுவிட்ச்ல கையை வச்சுக்கிட்டு இவங்க நிக்கறாங்க. ஒரே ஒரு ரோல்தான் வாங்கினேன். இந்தச் சைஸ் ஃபிலிம் இப்பக் கிடைக்கறதே இல்லை. அதுலதான் என் குழந்தை முதல் முதலா நடந்ததும் இருந்தது. எல்லாம் போச்சு."

மகள் தலையைக் குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

"சாட்சியை அழிச்சவதானே திருடி?" என்றார் கான்ட்ராக்டர். "இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?"

"பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார் மேடம்.

நானும் மேடமும் மருமகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனோம். அது ஹாலைத் தாண்டி, நடையின் கடைசியில் இருந்தது. கதவுக்கு வெளியே, சுவரில் தோள் உயரத்தில் சுவிட்ச். உள்ளே ஜன்னலில் போர்வை அடித்திருந்தது. தரையில் மூன்று பாட்டில்கள், நம்பர் ஒட்டியவை. ஒரு பிளாஸ்டிக் வாளி. ஒரு துண்டு. குளிக்கிற இடத்தில் மருந்து வாடை மூக்கைத் துளைத்தது.

"சொல்லும்மா. எதுக்கு லைட்டைப் போட்டே?" என்றார் மேடம்.

"நான் அண்ணிக்கு வெந்நீர் எடுத்துக்கிட்டு இந்தப் பக்கமா வந்தேன். உள்ள இருந்து மாப்பிள்ளை அண்ணன், 'யாரு அங்க? அந்த லைட்டைப் போடும்மா'ன்னார். போட்டேன். உடனே 'ஐயோ, போச்சே'ன்னு கத்தினார். அவர்தான் போடச் சொன்னார்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் நம்பல. மாப்பிள்ளை பொய் சொல்வாரான்னு கேட்கறாங்க."

"உன் வீட்டுக்காரர் நம்பினாரா?"

அவள் திரும்பி ஹால் பக்கம் பார்த்தாள். எனக்கு அந்த ஜன்னல் கம்பிகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் அந்த ஆளைக் கேட்கவேண்டும் போல ஆத்திரமாக வந்தது.

மேடம் மூன்றாம் நம்பர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கொஞ்சம் கத்தரிப்பூ நிறத் தண்ணீர். வாளியின் உள்பக்கம் பழுப்புக் கறை. துண்டிலும் அதே கறை.

"பஞ்சர், மாப்பிள்ளையோட விரலைப் பார்த்தியா?"

"பார்த்தேன். எல்லாம் பழுப்பு. சிகரெட்டுன்னு நினைச்சேன்."

"எத்தனை விரல்?"

"பத்தும்," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. "பத்து விரல்லயும் சிகரெட் பிடிப்பாரா, மேடம்? அப்ப தீக்குச்சியை யார் உரசுவாங்க?"

மேடம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரருக்கும் இதே பைத்தியம்தான். ஞாயித்துக்கிழமை ஆனா எங்க வீட்ல யாரும் குளிக்க முடியாது. அந்த மனுஷன் உள்ள, நான் வெளிய, சுவிட்ச் பக்கத்துல. எத்தனை வருஷம் நின்னிருப்பேன் தெரியுமா? அதனால இதோட வரிசை எனக்கு மனப்பாடம். இருட்டுல முதல் மருந்து. ரெண்டாவதுல அலசிட்டு, மூணாவதா இந்தக் கத்தரிப்பூக் கலர் மருந்து. பட்ட இடமெல்லாம் பழுப்பாக்கும், முதல்ல வந்த படத்தையும் அழிச்சிடும். அதுக்கு அப்புறம் என்ன செய்யணும், சொல்லு."

"அழிச்ச பிறகு என்ன, அழ வேண்டியதுதான்."

"லைட்டைப் போடணும். நல்லா வெளிச்சம் காட்டிட்டு, மறுபடி முதல் மருந்துலயே போட்டா நிஜப் படம் எழும்பி வரும். உள்ள இருந்து ஆம்பளை 'லைட்டைப் போடு'ன்னு கத்துவான், வெளிய நிக்கற பொம்பளை போடுவா. இந்த வேலையில எப்பவும் நடக்கறது அது."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நான் ஃபிலிமைக் கெடுக்கலையா?"

"கெடுக்கல. அவருக்கு உதவி பண்ணியிருக்கே. அந்த ஃபிலிம் இப்ப எங்கம்மா?"

பின்பக்க வராந்தாவில் இருந்தது. துணிக்கொடியில், நிழலில், வளைந்து வளைந்து தொங்கியது. பால் கலந்த மாதிரி ஒரு வெளுப்பு. உருவம் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் மேலே ஒரு க்ளிப். கீழே சுருண்டுவிடாமல் இருக்க ஸ்பூன் கட்டியிருந்தது. தூசி படாமல் மேலே ஒரு மெல்லிய புடவை.

"மேடம்," என்றேன், "எங்க வீட்லயும் குப்பை இருக்கு. ஆனா நாங்க அதுக்கு க்ளிப் போட்டு, போர்த்தி விட்டு, தாலாட்டறதில்லை."

மேடம் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். "கழற்று. பதமா கழற்று. பூவை எடுக்கற மாதிரி."

ஹாலுக்கு வந்ததும் மேடம் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்யச் சொன்னார். நடுவில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதில் ஒன்றாம் நம்பர் பாட்டிலைக் கவிழ்த்தார். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"என்ன பண்றீங்க? அது செத்த ஃபிலிம்."

"முதல் மருந்துல இருக்கும்போது லைட் பட்டதுன்னு சொன்னீங்க, இல்லையா?" என்றார் மேடம். "அப்படிப் பட்டிருந்தா ஃபிலிம் கரிக்கட்டையா ஆயிருக்கணும். இது ஏங்க வெளுத்திருக்கு?"

மாப்பிள்ளை ஃபிலிமை விட்டுவிட்டு மருந்துப் பாட்டிலைப் பார்த்தார்.

"கெட்டுப்போன ஃபிலிமுக்கு எதுக்குங்க மூணாவது மருந்து வரைக்கும் செலவு? கெட்டுப்போன ஃபிலிமுக்கு எதுக்குங்க போர்வை?"

"மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை பண்றீங்களா?" என்று கான்ட்ராக்டர் சீறினார்.

"மருந்தைத்தாங்க விசாரிக்கறேன். பஞ்சர், போடு."

நான் ஃபிலிமைப் பாத்திரத்தில் விட்டேன். எல்லாரும் சுற்றி வந்து குனிந்தார்கள். ஜன்னல் கம்பி எண்ணிக்கொண்டிருந்தவன்கூட வந்துவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை ஒருவர் மட்டும் எட்டி நின்றார். அப்புறம் அந்த வெளுப்பில் சாம்பலாக ஏதோ படிந்தது. சாம்பல் கறுத்தது. கறுத்த இடத்தில் முடி தெரிந்தது, கண் தெரிந்தது, கட்டம் போட்ட சட்டை தெரிந்தது.

"ஐயோ, நான்!" என்றாள் கான்ட்ராக்டரின் மனைவி.

"பாப்பா நடக்கறா," என்றாள் மகள் மெதுவாக. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பாட்டில் மூடியைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன்.

மேடம் ஃபிலிமின் ஒரு முனையைத் தூக்கி, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கான்ட்ராக்டரிடம் நீட்டினார்.

"இது ஒரே ஃபிலிமுல ரெண்டு வரிசை. முதல்ல ஒரு ஓரமா எடுத்துக்கிட்டே கடைசி வரைக்கும் போகும். ரீலைத் திருப்பிப் போட்டா அடுத்த ஓரமா தலைகீழாத் திரும்பி வரும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் நடுவுல கீறி ரெண்டாக்குவாங்க. மாப்பிள்ளை இன்னும் கீறல. அதனால திருப்பறதுக்கு முன்னாடி எடுத்த கடைசிப் படமும், திருப்பின பிறகு எடுத்த முதல் படமும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கு. பாருங்க. யார் நழுவியிருக்காங்க?"

கான்ட்ராக்டர் பார்த்தார். ஃபிலிமைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி பார்த்தார். இரண்டிலும் அதே வரிசை. அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். அவர் மனைவி புடவைத் தலைப்பைப் பிடித்திருக்கிறாள். மகன் எதையோ எண்ணுகிறான். மகள் சிரிக்கிறாள். கடைசியில் மருமகள், இடுப்பில் குழந்தையோடு, அதே சாய்வு, அதே சிரிப்பு. முதல் படத்தில் குழந்தை வாயை மூடியிருந்தது, இரண்டாவதில் கொட்டாவி விட்டது. வேறு எதுவும் மாறவில்லை.

"யாருமே அசையல," என்றார் கான்ட்ராக்டர்.

"எப்படி அசைவீங்க? அசையக் கூடாதுன்னு உத்தரவாச்சே. சரி, அந்த நேரத்துல மாப்பிள்ளை எங்க போனார்?"

"ரீல் திருப்ப இருட்டு வேணும்னு உள் அறைக்குப் போனார். அதுக்கென்ன? மாப்பிள்ளை ரீலைத் திருப்பத்தானே போ..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். வீட்டில் பஞ்சு மட்டும் பறந்தது.

"கேமராவைப் பிடிக்கறவரை யாரும் கணக்குல சேர்க்கறதில்லை," என்றார் மேடம். "இந்த ஃபிலிம் எல்லாரையும் காப்பாத்திடும். எல்லாரும் தப்பிச்சுட்டா மிச்சம் ஒருத்தர்தான். அதனாலதான் அது செத்துப்போகணும், சாகடிச்ச பழியும் வேற ஒருத்தர் மேல விழணும். வெளிய காலடிச் சத்தம் கேட்டுது. லைட்டைப் போடச் சொன்னார்."

"இது அநியாயம்!" என்றார் மாப்பிள்ளை. "அப்படீன்னா நான் இந்த ஃபிலிமை வெட்டி எறிஞ்சிருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க. திருடன் எறிஞ்சிருப்பான். நீங்க திருடனா இருந்தாலும் அதுக்கு முன்னாடி ஃபிலிம் பைத்தியம். குழந்தை நடந்த படத்தை எறிய உங்களுக்குக் கை வரல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ஒருத்தருக்கும் தெரியாம மீதி மருந்தைப் போட்டுக்கலாம்னு காயவச்சீங்க. என் வீட்டுக்காரரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பார், அசடு."

"மோதிரம் எங்க? மோதிரத்தைக் காட்டுங்க பார்க்கலாம்!"

"பஞ்சர், அவர் கேமராப் பையைக் கொண்டா."

பையில் கேமரா இருந்தது. கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர டப்பா. சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. மேலே ‘திறக்காதே’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"இந்தப் பையை யாரும் தேடலையா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை பையை எப்படித் தேடறது?" என்றாள் கான்ட்ராக்டரின் மனைவி. "அதுவும் அந்த டப்பாவைத் திறந்தா வெளிச்சம் பட்டு ஃபிலிம் வீணாயிடுமாமே."

"எந்த ஃபிலிம்?" என்றார் மேடம். "ஒரே ஒரு ரோல்தான் வாங்கினேன்னு அவரே சொன்னார். அது இங்க சொட்டிக்கிட்டு இருக்கு. டப்பா காலியா இருக்கணும். காலி டப்பாவுக்கு எதுக்கு இத்தனை டேப்பு?"

மாப்பிள்ளை கையை நீட்டினார். நான் கொஞ்சம் தள்ளி நின்று நகத்தால் டேப்பைப் பிய்த்தேன். உள்ளே கறுப்புக் காகிதம். அதற்குள் மோதிரம். வெளிச்சம் பட்டதும் அது வீணாகவில்லை. நன்றாகவே மின்னியது.

கான்ட்ராக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எதுக்கு, மாப்பிள்ளை?"

"சத்தமும் சேர்த்துப் பிடிக்கற கேமரா ஒண்ணு வந்திருக்கு, மாமா."

"கேட்டிருந்தா நானே வாங்கிக் கொடுத்திருப்பேனே!"

"உங்ககிட்ட கேட்டா என் மரியாதை என்ன ஆகறது?"

எனக்கு இதற்குமேல் ஜோக் சொல்ல வரவில்லை. அந்த மனுஷர் அதைச் சீரியஸாகத்தான் சொன்னார்.

கான்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். போன் பக்கத்தில் தயாராக வைத்திருந்த நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். "சரி, சரி. மோதிரம்தான் கிடைச்சுடுச்சே. இது குடும்ப விஷயம். போலீஸ் எல்லாம் எதுக்கு?"

"காலையில நான் எந்தக் குடும்பம், மாமா?" என்றாள் மருமகள்.

உரக்கக்கூடச் சொல்லவில்லை. கான்ட்ராக்டர் நகர்த்திய நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். மகன், "அதான் எல்லாம் முடிஞ்சுடுச்சே, விடு" என்று ஆரம்பித்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கே போய்விட்டான்.

மகள் குழந்தையைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு எழுந்தாள். நேராகப் போய் ரிசீவரை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

"நீயே முடிவு பண்ணும்மா. மத்தியானம் நான் ஒரு போன் பண்ணிட்டேன். அடுத்த போனை நீ பண்ணு."

மாப்பிள்ளை ஸ்தம்பித்துப் போனார். "நீயா? நீயா இவங்களைக் கூப்பிட்டே?"

"எத்தனை வருஷமா நீங்க சொன்னப்ப எல்லாம் நான்தான் லைட் போட்டிருக்கேன்," என்றாள் மகள். "எப்பப் போட்டா கெடும், எப்பப் போட்டா கெடாதுன்னு எனக்குத் தெரியாதா? நேத்தே தெரியும். வாயைத் திறக்க தைரியம் வரல. ராத்திரி பூரா இவ பிரிச்ச தலையணையைக் கட்டிக்கிட்டு அழுதா. அது எனக்குத் தாங்கல."

மருமகள் ரிசீவரை வாங்கினாள். காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மாப்பிள்ளையின் நெற்றியில் வேர்த்தது. அப்புறம் அவள் அதை மெதுவாக அதன் இடத்தில் வைத்தாள்.

"பாப்பாவோட அப்பா ஜெயிலுக்குப் போக வேண்டாம்," என்றாள். "ஆனா என் தலையணையைப் பிரிச்சவர் அதைத் தைச்சுக் கொடுக்கணும். இப்பவே, இந்த ஹால்ல, எல்லார் முன்னாடியும். தைச்சு முடிக்கற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். அதுக்கு அப்புறம் இந்த வீட்ல இருக்கறதா வேண்டாமான்னு யோசிக்கறேன்."

கான்ட்ராக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள். அவருக்காகப் பரிந்து பேசத்தான் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஊசியும் நூலும் எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

ஊரில் பாதிக் கட்டடம் கட்டினவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பஞ்சை அள்ளித் திணித்தார். நூலை எச்சில் தொட்டு முறுக்கி ஊசிக் காதுக்கு நேராகப் பிடித்தார். நூல் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, காதுக்குள் மட்டும் போகவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"கண்ணு தெரியல," என்றார். "யாராவது அந்த லைட்டைப் போடுங்களேன்."

சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் மூன்று பெண்களும் நின்றார்கள். யாரும் அசையவில்லை.